ஏஏ கூட்டங்கள்: ஒரு மனைவியின் மதிப்புரை

என் கணவர் குடியை விட்டது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ) கூட்டங்களுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான். எல்லோரும் வரலாம் என்று அறிவிக்கும் திறந்த கூட்டங்களில் நானும் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். 1935-ல் அமெரிக்காவில் பில் வில்சன், டாக்டர் பாப் என்ற இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்ததில் பிறந்த அமைப்பு இது. கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும்.

ஒருவர் தன் கதையைச் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். யாரும் புத்தி சொல்வதில்லை. அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பதால், என் கணவர் சம்மதித்ததை மட்டும் எழுதுகிறேன். குடியிலிருந்து மீள ஏஏ பன்னிரண்டு படிகளைச் சொல்கிறது. அதில் எட்டாம் படிக்காக, தான் நோகடித்தவர்களின் பெயர்களை நோட்டில் எழுதினார். முதல் பெயர் என் தம்பி. அப்புறம் ஒன்பதாம் படி, அவர்களிடம் செய்த தவறைச் சரிசெய்வது. நேரில் போய் நின்று, "உன்னை அடிச்சது குடி இல்ல மாப்ளே, நான்தான்" என்றார். தம்பி உடனே மன்னிக்கவில்லை. ஆனாலும் அன்றிரவு இவர் நிம்மதியாகத் தூங்கினார்.

கடவுள் பேச்சு நிறைய வரும். சாமி நம்பிக்கை இல்லாத இவர், அந்தப் படிகள் சொல்லும் 'தன்னைவிடப் பெரிய சக்தி'யாக அந்தக் குழுவையே எடுத்துக்கொண்டார். அதற்கு அங்கே இடம் இருக்கிறது.

குழுவுக்குக் குழு தரம் மாறும். சிலவற்றில் குடித்த கதையே நீண்டு, மீண்ட கதைக்கு நேரமிருக்காது. வேறு குழுவைப் பாருங்கள். முக்கியமாக, தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் டாக்டரைப் பாருங்கள். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற தனிக் கூட்டங்கள் உண்டு. நான் இப்போது அதற்குத்தான் போகிறேன்.