நாற்றங்கால் ஒரு பக்கம், விளம்பர வண்டி மறுபக்கம்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு யார் போவது என்பதில் வலதுசாரி, இடதுசாரி அமைப்புகள் இரண்டுக்குமே கை உண்டு. ஆனால் வேலை செய்யும் விதம் வேறு.

வலதுபக்கம் ஃபெடரலிஸ்ட் சொசைட்டி என்ற பழமைவாத வழக்கறிஞர் அமைப்பு. 1982-ல் சட்ட மாணவர்கள் தொடங்கியது. கல்லூரியிலேயே ஆளைப் பிடித்து, கருத்தரங்கு, அறிமுகம் என்று வளர்த்துவிடும். நாற்று விட்டு, பிறகு பிடுங்கி நடுகிற மாதிரி. அங்கே நீதிபதியை அதிபர் நியமிப்பார், செனட் ஒப்புதல் தரவேண்டும். 2016 தேர்தலின்போதே டிரம்ப், தான் நியமிக்கக்கூடிய நீதிபதிகளின் பட்டியலை வெளியிட்டார். அதற்குக் கைகொடுத்தவர்களில் அந்த அமைப்பின் லியனார்ட் லியோ முக்கியமானவர். டிரம்ப் நியமித்த கோர்சச், கவனா, பேரட் என மூவர் உச்ச நீதிமன்றத்தில் பதவியேற்றார்கள். 2022-ல் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு கவிழ்ந்தபோது, கவிழ்த்த 5 பேரில் இந்த மூவரும் இருந்தார்கள்.

இடதுபக்கம் பலம் முதலில் தடுப்பதில்தான் தெரிந்தது. 1987-ல் அதிபர் ரீகன் முன்மொழிந்த வலதுசாரி நீதிபதி ராபர்ட் போர்க்கின் நியமனத்தை எதிர்த்து டிவி விளம்பரமே போட்டார்கள். செனட்டில் 58-42 என்று தோற்றார். அப்புறம் 2021-ல் 'பிரேயர், ஓய்வு பெறுங்கள்' என்று எழுதிய வண்டியை வாஷிங்டனில் ஓட்டியது டிமாண்ட் ஜஸ்டிஸ் என்ற இடதுசாரி அமைப்பு. பிரேயர் வயதான இடதுசாரிச் சார்பு நீதிபதி; ஜனநாயகக் கட்சி அதிபர் இருக்கும்போதே அவர் இடத்துக்கு இளையவர் வரட்டும் என்பது கணக்கு. மறு ஆண்டு அவர் விலகினார், கேடாஞ்சி பிரவுன் ஜாக்சன் வந்தார். வண்டியைப் பார்த்தா விலகினார்? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வண்டிக்கு ஒரு நாள் போதும். நாற்றுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது.