கோட்டையா, போர் அருங்காட்சியகமா? கையில் ஒரே ஒரு நாள்

காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். பழைய போர்க் கதைகளில் ஆர்வம் உண்டு. கோட்டைக்குப் போவதா, போர் அருங்காட்சியகத்துக்குப் போவதா? எதற்குப் போனாலும் ஒன்றுதானே என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கோட்டையில் இடம் இருக்கும், பொருள் இருக்காது. அருங்காட்சியகத்தில் பொருள் இருக்கும், அது கிடந்த இடம் இருக்காது. இது உறைக்கக் கொஞ்சம் காலம் ஆனது.

திப்பு சுல்தானையே எடுத்துக்கொள்ளுங்கள். 1799 மே 4 அன்று கம்பெனிப் படை மதிலை உடைத்து உள்ளே புகுந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போய் நின்றால், காவிரி எவ்வளவு கிட்டத்தில் ஓடுகிறது, எந்தப் பக்கமாக வந்திருப்பார்கள் என்பதெல்லாம் கண்ணுக்கே தெரியும். ஆனால் ஐரோப்பியன் ஒருவன் மேல் பாய்ந்து கிடக்கும் அவருடைய மரப்புலி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் உறுமும்படி செய்த புலி அது. பாதிக் கதை இங்கே, பாதி அங்கே.

கோட்டையில் வெறும் கல்தானே என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு யோசனை. முற்றுகையிடுபவன் சூடுவது உழிஞை, மதில் காப்பவன் சூடுவது நொச்சி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். முதலில் உழிஞைக்காரனாக வெளியே நில்லுங்கள். எங்கே ஏணி சாத்தலாம், அகழியை எங்கே தூர்க்கலாம் என்று பாருங்கள். அப்புறம் உள்ளே போய் நொச்சிக்காரனாக அதே இடத்தைப் பாருங்கள். மதிலில் உள்ள சுடுதுளை வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கீறல் மாதிரி இருக்கும். உட்பக்கம் அகன்றிருக்கும் என்பதால், ஆள் பக்கவாட்டில் நகர்ந்து நின்று குறிபார்க்கலாம். அதில் கண்ணை வைத்துப் பார்த்தால், சற்றுமுன் நீங்கள் ஏணி சாத்த நினைத்த இடம் தெளிவாகத் தெரியும்!

ஹைதராபாத் அருகே கோல்கொண்டாவில், உள்கோட்டையான பாலா ஹிசாரின் வாசலுக்கு நேர் எதிரே ஒரு தனிச்சுவர் நிற்கிறது. ஏதோ இடிபாடு என்று பலர் கடந்துபோகிறார்கள். யானை ஓடிவந்து கதவை முட்ட இடம் விடாமல் மறிப்பதற்காகக் கட்டியது அது. கூட்டமெல்லாம் நுழைவாசலில் கைதட்டி, அந்தச் சத்தம் குன்றின் உச்சியில் கேட்கிறதா என்று சோதித்துக்கொண்டிருக்கும். அதுவும் வேடிக்கைதான், தட்டிப் பாருங்கள். இத்தனை ஏற்பாட்டையும் மீறி, எட்டு மாத முற்றுகைக்குப் பின் 1687-இல் கோட்டை ஔரங்கசீப் கைக்குப் போனது. உள்ளே இருந்த ஒருவரே கதவைத் திறந்துவிட்டார்.

செஞ்சி இன்னும் கடுமை. ராஜகிரி உச்சியை நெருங்கும்போது பாறையில் ஒரு பிளவு, அதன் மேல் பாலம். அந்தக் காலத்தில் மரப்பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவரை யாரும் நெருங்க முடியாது. 1690-இல் தொடங்கிய முகலாய முற்றுகை 1698 வரை ஏன் இழுத்தது என்பது அங்கே மூச்சு வாங்க நிற்கும்போது காலுக்கே புரிந்துவிடும். ஆனால் முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். என்னோடு வந்த ஒருவர் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். கூட்டிக்கொண்டு போனதற்கு இன்னும் திட்டுகிறார். வெயிலுக்கு முன்னால் ஏறத் தொடங்கி, தேவைக்கு மேலேயே தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற முடியாதவர்களுக்கு வேலூர் மாதிரித் தரைக்கோட்டை சரியாக இருக்கும்.

கோட்டை தோற்றுப்போகும் இடமும் ஒன்று உண்டு. பீரங்கி வந்த பிறகு ஐரோப்பாவில் மதில்கள் தணிந்தன, கொத்தளங்கள் நட்சத்திர முனைகளாக நீண்டன. அந்த வடிவம் கீழே நடப்பவருக்குப் பிடிபடாது, மண்மேடும் புல்லும்தான் தெரியும். 1668-இல் பதினான்காம் லூயி காலத்தில் தொடங்கிய கோட்டை நகர மாதிரிகளின் தொகுப்பு பாரிஸ் இன்வலிட்ஸ் வளாகத்தில் இருக்கிறது. அதைக் குனிந்து பார்த்தால், ஒரு கொத்தளம் இன்னொன்றின் அடிவாரத்தை எப்படிக் காக்கிறது என்று ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். இதில் அருங்காட்சியகம்தான் ஜெயிக்கிறது.

தனி மனிதர்களின் கதைக்கும் அப்படியே. வியன்னா ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தில் 1914 ஜூன் 28 அன்று சுட்டுக்கொல்லப்பட்ட ஆஸ்திரிய பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சென்ற காரும் ரத்தக்கறை படிந்த அவர் சீருடையும் இருக்கின்றன. ஹிரோஷிமாவில் அணுகுண்டு வெடித்த 8.15-இல் நின்றுபோன கைக்கடிகாரம். இவற்றின் முன் யாரும் வழிகாட்டியைத் தேடுவதில்லை.

தொல்லை என்னவென்றால், மூன்றாவது கூடத்துக்குள் எல்லாத் துப்பாக்கியும் ஒரே துப்பாக்கியாகத் தெரிய ஆரம்பித்துவிடும். முழுக்கப் பார்க்கிறேன் என்று சபதம் போடாமல் ஒரே ஒரு போரைத் தேர்ந்தெடுங்கள். விளக்கப் பலகைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பதும் நல்லது. நடத்துகிற நாடு ஜெயித்த போருக்குப் பெரிய கூடமும், தோற்ற போருக்கு ஒரு மூலையும் கிடைப்பது சகஜம். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகக் கட்டடம் ஒரு காலத்தில் பெத்லெம் மனநல மருத்துவமனையாக இருந்தது. வாசலில் இரண்டு ராட்சதக் கடற்படைப் பீரங்கிகளை நிறுத்துவதற்கு இதைவிடப் பொருத்தமான முகவரி கிடைத்திருக்காது.

பிரான்சில் முதல் உலகப் போர் நடந்த வெர்டூன் அருகே டூமோன் கோட்டையில் இடத்தையும் பொருளையும் சேர்த்தே பார்க்கலாம். 1916 பிப்ரவரி 25 அன்று ஜெர்மானியர் சிலர் ஏறக்குறைய சண்டையே இல்லாமல் அதற்குள் நுழைந்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதை மீட்க அக்டோபர் 24 வரை ஆனது. உள்ளே கோடையிலும் குளிரும், ஸ்வெட்டர் தேவை.

மழை, கடும் வெயில், வயதானவர்கள், கைக்குழந்தை என்றால் யோசிக்காமல் அருங்காட்சியகம். மற்ற நாளெல்லாம் என் ஓட்டு கோட்டைக்குத்தான். இரண்டும் பக்கத்தில் அமைந்தால், முதலில் அருங்காட்சியகத்தில் படித்துவிட்டுக் கோட்டைக்குப் போகச் சொல்வார்கள். எனக்கு ஒத்துவந்தது தலைகீழ் வரிசை. காலையில் மதில் ஏறி வேர்த்துவிட்டு மதியம் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பீரங்கிக் குண்டைப் பார்த்தால், இதையும் மனிதர்கள்தானே அந்தப் படிகளில் சுமந்து ஏற்றியிருப்பார்கள் என்று தோள்பட்டையில் ஒரு வலி தட்டும். ஒன்று மட்டும், பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் சொல்கிறேன்.