உயர்நிலை 1 இயற்கணிதப் பயிற்சிநூல்: ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரின் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் கடைத்தொகுதியில் வாங்கிய இந்த இயற்கணிதப் பயிற்சிநூலை, உயர்நிலை 1 படிக்கும் என் மகளுடன் மூன்று மாதங்களாக இரவுதோறும் அமர்ந்து போட்டுப் பார்த்தபின் எழுதுகிறேன். தொடக்கநிலையில் கட்டங்கள் வரைந்தே கணக்குப் போட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு, எழுத்துகளைக் கொண்டு சமன்பாடு அமைப்பது திகைப்பைத் தரும். அந்த இடத்தில்தான் இந்நூல் கைகொடுக்கிறது.

5 − 2(க − 3) = 1 என்னும் கணக்கில், அடைப்பை நீக்கும்போது −6 என்று எழுதி, க = −1 என்ற தவறான விடையில் போய் நின்றாள் மகள். நூலோ, −2-ஐ −3-ஆல் பெருக்கினால் +6 வரும் என்பதைத் தனி வரியில் காட்டி, 11 − 2க = 1, 2க = 10, க = 5 எனப் படிப்படியாக இறங்குவதோடு, விடையை மூலச் சமன்பாட்டில் இட்டுச் சரிபார்க்கவும் சொல்கிறது. இந்தச் சரிபார்ப்புக்காகவே இதை வாங்கலாம்.

பின்னச் சமன்பாடுகளில் மீச்சிறு பொது மடங்கு காணும் படியைத் தாண்டிச் சென்றிருப்பது பெருங்குறை. அதை நானே தாளில் எழுதி ஒட்டிவைத்தேன்.