நாமக்கல் ஹாஸ்டலா, கோவை கோச்சிங்கா, ஊர்ப் பள்ளியா? ப்ளஸ் ஒன் சேர்க்கைக்கு முன் ஒரு கணக்கு

பத்தாவது ரிசல்ட் வந்துவிட்டால் கொங்குப் பக்கத்து வீடுகளில் ஒரே பேச்சுதான். பையனை நாமக்கல் ஹாஸ்டலில் போடுவதா, கோவையில் சி.பி.எஸ்.இ. பள்ளியில் சேர்த்துச் சாயங்காலம் கோச்சிங் அனுப்புவதா, பேசாமல் ஊர் மேல்நிலைப் பள்ளியிலேயே விட்டுவிடுவதா? மாமா ஒன்று சொல்வார், பனியன் கம்பெனிக்காரர் ஒன்று சொல்வார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸ் மூன்றாவதாக ஒன்று சொல்லும். யாரும் முதலில் கேட்காத கேள்வி, பிள்ளை எந்தப் பட்டியலில் ஏறிக் கல்லூரிக்குள் போகப் போகிறது என்பது.

முதல் பட்டியல் ப்ளஸ் டூ மார்க்கில் போடுவது. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 1984இல் வந்த நுழைவுத் தேர்வு 2007-08 சேர்க்கையோடு போய்விட்டது. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200க்குக் கட்-ஆஃப். கோவை ஜி.சி.டி., சி.ஐ.டி., பி.எஸ்.ஜி. டெக், பெருந்துறைக் கல்லூரிகள் என நம் பக்கத்துப் பெயர்கள் எல்லாம் கவுன்சலிங்கில் இந்தக் கட்-ஆஃபில்தான் நிரம்புகின்றன. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் பார்ப்பதும் ப்ளஸ் டூ மார்க்கைத்தான். பி.காம்., பி.எஸ்சி. சொல்லவே வேண்டாம். இரண்டாவது பட்டியல் நீட்: எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா போன்றவற்றுக்கு. மூன்றாவது ஜே.இ.இ.: திருச்சி என்.ஐ.டி.க்கு, வாளையாறு தாண்டினால் கஞ்சிக்கோட்டில் இருக்கும் பாலக்காடு ஐ.ஐ.டி.க்கு, அதுபோன்ற மற்றவற்றுக்கு.

முதல் பட்டியலில் போகிற பிள்ளைக்கு ஜே.இ.இ., நீட் மார்க் ஒன்றுகூடச் சேராது. ஆனாலும் பி.எஸ்.ஜி.யில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தால் போதும் என்று நினைக்கிற வீட்டில்கூட, ஃபர்ஸ்ட் குரூப் என்றாலே 'இன்டகிரேட்டட்' (பள்ளிப் பாடத்தோடு ஜே.இ.இ., நீட் கோச்சிங்கும் சேர்த்து) என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். லட்சக் கணக்கில் கட்டுகிற பீஸில் பெரும் பங்கு அந்த ஒரு சொல்லுக்குப் போகிறது.

இன்டகிரேட்டட் என்றால் பாடம் மாறிவிடுவதில்லை, கேட்கிற விதம்தான் மாறுகிறது. ப்ளஸ் டூ இயற்பியலில் வீட்ஸ்டோன் சமனச்சுற்று இருக்கிறது. பொதுத்தேர்வில் 'சமன்செய் நிபந்தனையைப் பெறுக' என்று ஐந்து மார்க்குக்கு வரும். படம் வரைந்து, கிர்க்காஃப் விதி எழுதி, வரி வரியாகக் கொண்டுபோய் முடித்தால் முழு மார்க். ஜே.இ.இ.யில் அந்தப் பெயரே வராது. மேல் கிளையில் 2 ஓம், 4 ஓம். கீழ்க் கிளையில் 3 ஓம், 6 ஓம். இரண்டின் நடுப்புள்ளிகளையும் இணைத்து ஒரு 10 ஓம். மொத்த மின்தடை எவ்வளவு என்று மட்டும் இருக்கும். 2க்கு 4 எப்படியோ 3க்கு 6 அப்படியே என்று கண்ணில் பட்டால், நடுவில் இருக்கும் 10 ஓமைத் தூக்கி எறிந்துவிட்டு, 6ம் 9ம் பக்க இணைப்பு, விடை 3.6 என்று ஒரு நிமிஷத்தில் முடிக்கலாம். படாவிட்டால் பக்கம் நிறையச் சமன்பாடு எழுதிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வரிசையாக எழுதிக் காட்டுவது ஒரு பழக்கம், சட்டென்று அடையாளம் காண்பது இன்னொரு பழக்கம். இரண்டையும் ஒரே நாளில் ஒரே பிள்ளையிடம் கேட்பதுதான் இந்த இரண்டு வருஷத்தின் பளு.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து ஹாஸ்டல் பள்ளிகள் பெயர் வாங்கியது முதல் பழக்கத்தில். மாநில ரேங்க் அறிவித்த காலத்தில் மே மாதம் பேப்பரைத் திறந்தால் இந்த ஊர்ப் பெயர்கள்தான். அதற்குப் பின்னால் இருந்த ரகசியம் ஊரறிந்தது: ப்ளஸ் ஒன்னை ஒப்புக்கு நடத்திவிட்டு, இரண்டு வருஷமும் ப்ளஸ் டூ புத்தகத்தையே அரைப்பது. புக் பேக் கேள்வி, ஒன் மார்க், ஸ்லிப் டெஸ்ட், ரிவிஷன், திரும்ப ரிவிஷன். 2017இல் அரசு ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. 1200 மார்க் 600 ஆனது, ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. அதே வருஷம் இங்கே மருத்துவ சேர்க்கைக்கு நீட்டும் வந்தது. அதில் ப்ளஸ் ஒன் பாடமும் சரிக்குச் சரி வருகிறது என்பதால் பழைய வித்தை அங்கே எடுபடாது. பள்ளிகளும் சும்மா இருக்கவில்லை. வெளி மாநிலத்து ஆசிரியர்களைக் கூட்டிவந்து, வார டெஸ்ட்டை ஓ.எம்.ஆர். தாளுக்கு மாற்றி, நீட் சென்டராகத் தங்களை மாற்றிக்கொண்டன.

ஹாஸ்டலுக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. விடியற்காலையில் எழுப்பி உட்கார வைக்க ஆள் உண்டு, போன் இல்லை, டவுட் கேட்க ராத்திரியிலும் யாராவது இருப்பார்கள். அப்பா லாரியில், அம்மா தறிக்குடோனில் என்று இருக்கிற வீட்டில் இந்தக் கண்காணிப்பை யார் தருவது? முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைக்கு, கூடப் படிக்கிறவர்களைப் பார்த்துப் படிப்பதே பாதிப் படிப்பு. அந்த வட்டாரத்தைக் கேலி பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் ஒரு விசிட்டிங் ஞாயிறு அங்கே போய் நின்று பாருங்கள். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பாய் விரித்திருக்கும். தூக்குப்போசியில் அரிசிம்பருப்பு சாதம், தனியாக நெய், இலையில் சுற்றின ஒப்புட்டு. "இன்னும் கொஞ்சம் வச்சுக்க கண்ணு" என்று ஆத்தா தட்டில் போட்டுக்கொண்டே இருப்பார். அப்பா ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போன வாரம் ரேங்க் எத்தனையாவது சாமி?" என்பார். "நாப்பத்தி ரெண்டுங்கப்பா." அதற்கு முந்தின வாரம் முப்பதுக்குள் இருந்ததா, எத்தனை பேரில் நாற்பத்திரண்டு, எதையும் அவர் கேட்கமாட்டார். பிள்ளைக்குச் சாதம் இறங்காது. ரேங்க் வாரம் ஒரு முறை வீட்டுக்கு எஸ்.எம்.எஸ்.சில் போய்விடுவதும், செக்‌ஷனை ரேங்க்படி பிரிப்பதும், கடைசி செக்‌ஷனுக்கு இறங்கின பிள்ளையை மெஸ்ஸில் எல்லோருக்கும் தெரிவதும் பாடத்தின் கடினம் அல்ல. அது பள்ளி தானாகச் சேர்த்த பளு. அதைத் தாங்குகிற பிள்ளைகள் உண்டு. எட்டாவது, ஒன்பதாவதிலேயே தோற்றால் சோறு இறங்காத பிள்ளையை அங்கே விடக்கூடாது. மார்க் என்ன வந்திருந்தாலும் சரி.

அடுத்து கோவை, ஈரோடு சி.பி.எஸ்.இ. பள்ளியும் கோச்சிங்கும். ஜே.இ.இ.க்கு மூன்றிலும் இதுதான் நேர்வழி என்பது என் கட்சி. என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் கையிலேயே இருக்கிறது, ராத்திரி பிள்ளை வீட்டில் தூங்குகிறது. குறை என்னவென்றால் நேரம். நாலு மணிக்குப் பள்ளி விட்டு, காந்திபுரத்திலோ ஆர்.எஸ்.புரத்திலோ கோச்சிங் முடித்து, சிங்காநல்லூருக்கோ பெரியநாயக்கன்பாளையத்துக்கோ திரும்ப ஒன்பதரை ஆகும். அப்புறம் ஹோம்வொர்க். இதைச் சுருக்கத்தான் பள்ளிக்குப் போகாமலே பெயரை மட்டும் வைத்துக்கொள்ளும் 'டம்மி' ஏற்பாடு கிளம்பியது. 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வுக்கு விடமாட்டோம் என்று சி.பி.எஸ்.இ. இப்போது கறாராக இருக்கிறது. யாராவது அந்த வழியைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதே ஊர்களில் ஏ லெவல், ஐ.பி. என்ற வெளிநாட்டுப் பாடத்திட்டங்களை நடத்தும் இன்டர்நேஷனல் பள்ளிகளும் சில இருக்கின்றன. வெளிநாட்டுக்கு அனுப்புவது உறுதி என்றால் சரி. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியிலேயே எடுக்கிற ஏ.பி. பாடங்களுக்கு மே மாதம் தேர்வு, 1 முதல் 5 வரை ஸ்கோர். நல்ல ஸ்கோர் வாங்கினால் பல கல்லூரிகள் அந்தப் பாடத்தைக் கல்லூரி கிரெடிட்டாகவே எடுத்துக்கொள்ளும், முதல் வருஷத்தில் திரும்பப் படிக்கத் தேவையில்லை. நம் இன்டகிரேட்டட்டில் அப்படி எதுவும் கிடையாது. ஜே.இ.இ. கணக்கைக் கரைத்துக் குடித்த பிள்ளையும், கட்-ஆஃபில் உள்ளே வந்த பிள்ளையும் முதல் செமஸ்டரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அதே கால்குலஸை எழுதுகிறார்கள். கூடுதலாகப் படித்தது சீட்டாக மாறினால்தான் உண்டு.

ஊர் அரசுப் பள்ளியைத்தான் நம் ஆட்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இங்கே நின்று யோசிக்க வேண்டும். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் எல்லாவற்றிலும். இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் கல்லூரி போகிற பெண் பிள்ளைக்கு மாதம் 1000 ரூபாய். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட்டில் கோவையில்தான் தொடங்கிவைத்தார்கள்.

ஒதுக்கீட்டில் நீட் கட்-ஆஃப் பொதுப் பட்டியலைவிட நன்றாகவே இறங்கி நிற்கும். அப்படி இருக்க, பத்தாவது வரை அரசுப் பள்ளியில் படித்து நல்ல மார்க் வாங்கின பிள்ளையை, டாக்டராக்கணும் என்று நகையை அடகு வைத்துத் தனியார் பள்ளியில் ப்ளஸ் ஒன் சேர்க்கிறார்கள். சேர்த்த அன்றைக்கே அந்த ஒதுக்கீடு போய்விடுகிறது. அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாற்றினாலும் அதே கதைதான். பத்தாவதுக்குப் பிறகு இந்தப் பக்கம் திரும்பி வரவும் முடியாது. நான் பார்த்தவரை, காசு செலவழித்து நஷ்டம் வாங்குவதில் இதற்கு மிஞ்சினது இல்லை.

அதற்காக அரசுப் பள்ளியில் விட்டுவிட்டால் தானாக நடந்துவிடும் என்றில்லை. கிராமத்துப் பள்ளிகளில் இயற்பியலுக்கோ கணக்குக்கோ பி.ஜி. ஆசிரியர் இடம் காலியாகக் கிடக்கும் வருஷங்கள் உண்டு. அரசின் இலவச நீட் பயிற்சி இருக்கிறது. அது எந்தப் பள்ளியில் எந்த ஆசிரியர் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத் தரம் மாறும். உங்கள் ஒன்றியத்தில் மூன்று மேல்நிலைப் பள்ளிகள் இருந்தால் மூன்றிலும் போய் விசாரியுங்கள். ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டியிருந்தாலும், நல்ல இயற்பியல் ஆசிரியர் இருக்கிற அரசுப் பள்ளி, ஹாஸ்டல் பீஸைவிட மலிவு.

எந்தப் பிள்ளைக்கு எது என்று கேட்டால் என் பதில் இது. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்றால் அசையவேண்டாம். நீட் வேண்டுமானால் ப்ளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருஷம் லாங் டெர்ம், அதாவது நீட்டுக்கு மட்டும் படிக்கிற முழு வருஷக் கோச்சிங், போகட்டும். நீட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், அந்த ஒரு வருஷத்துக்கு ஹாஸ்டல் பீஸ் கட்டுவதில் அர்த்தம் உண்டு, 7.5 சதவீதமும் கையில் இருக்கும். தனியார் பள்ளிப் பிள்ளைக்குக் கட்-ஆஃப் இன்ஜினியரிங், அக்ரி, வெட்னரி போதும் என்றால் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய ஸ்டேட் போர்டு பள்ளி; இன்டகிரேட்டட் என்ற பேச்சே வேண்டாம். ஜே.இ.இ. என்றால் பிள்ளையே ஆசைப்பட்டுக் கேட்க வேண்டும், ஐ.ஐ.டி.க்கான இரண்டாம் கட்டத் தேர்வான ஜே.இ.இ. அட்வான்ஸ்டை எழுத அடுத்தடுத்த இரண்டு வருஷம்தான் வாய்ப்பு என்பதால் அங்கே இழுத்துக்கொண்டு போக முடியாது. முதல் தடவையே நீட்டை முடிக்கணும், பிள்ளையும் அடித்தாலும் அசராத ரகம், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, இந்த மூன்றும் சேர்ந்தால் மட்டும் நாமக்கல். பிள்ளை நடுவில் போன் செய்து "முடியலீங்கம்மா" என்றால் டி.சி. வாங்கிவிட வேண்டும், கட்டின பீஸ் போனால் போகிறது. ராத்திரியில் பேச யாருமில்லாத பிள்ளைக்கு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், கட்டணம் இல்லை.

இந்த வருஷம் சேர்க்கிறவர்களுக்கு இன்னொன்று. 2025-26 முதல் ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு ரத்து. பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை குறைந்தது நல்லதுதான். ஆனால் ஸ்டேட் போர்டு தனியார் பள்ளிகளுக்குப் பழைய ஆசை திரும்ப வரும்: ப்ளஸ் ஒன்னிலேயே ப்ளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிடுவது. கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அட்மிஷன் போடுவதற்கு முன்னால், அந்தப் பள்ளியில் போன வருஷம் ப்ளஸ் ஒன் படித்த பிள்ளை யாராவது சொந்தத்திலோ தெருவிலோ இருக்கும். அதன் இயற்பியல் நோட்டை வாங்கி முதல் பத்துப் பக்கம் புரட்டுங்கள். அலகு, பரிமாணம், வெக்டர் என்று இருந்தால் சரி. நிலைமின்னியல் இருந்தால் வேறு பள்ளி பாருங்கள்.