ஹட்டன் பக்கத்து இருமொழி மொண்டிசோரி: மகள் போய் ஒரு வருஷம்

நம்ம இலங்கை மலையகப் பக்கம் சின்னப் பிள்ளைகள் போகிற எல்லா முன்பள்ளிக்கும் பெயர் மொண்டிசோரிதான். உண்மையில் அது, பிள்ளை தானே பொருள்களைக் கையாண்டு கற்கும் ஒரு முறையின் பெயர். அந்தப் பெயரை யாரும் பலகையில் எழுதிவிடலாம், தடை கிடையாது. அதனால் மகளைச் சேர்க்கும் முன் மூன்று இடங்களுக்கு நேரில் போய்ப் பார்த்தேன். இரண்டில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கொப்பியில் ஏ, பி, சி எழுதிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதில் ஒரு பையன் பாயை விரித்து, 10 சென்ரிமீற்றரிலிருந்து 1 சென்ரிமீற்றர் வரை சிறுத்துக்கொண்டே போகும் 10 இளஞ்சிவப்புக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். சரிந்தபோது டீச்சர் ஓடி வரவில்லை, அவனே திரும்ப அடுக்கினான். சரி, இங்கேதான் என்று முடிவெடுத்தேன்.

ஒரு டீச்சர் தமிழ் மட்டும் பேசுகிறார், இன்னொருவர் ஆங்கிலம் மட்டும். பிள்ளைகள் குழம்பவில்லை, ஆளைப் பார்த்து மொழியை மாற்றிக்கொள்கிறார்கள். சொரசொரப்பான கடதாசியில் வெட்டி ஒட்டிய எழுத்துகள் இரண்டு மொழியிலும் உண்டு. இரண்டு விரலை அதன்மேல் ஓட்டிக்கொண்டே ஓசையைச் சொல்ல வேண்டும், 'எஸ்' என்ற பெயரை அல்ல, 'ஸ்' என்ற ஓசையை. நம் எழுத்தின் சுழிகளுக்கு இது அவ்வளவு பொருந்துகிறது. ஒரு மழைக் காலையில் புகை படிந்த மாதிரி இருந்த ஜன்னல் கண்ணாடியில் மகள் தானாக 'அ' எழுதினாள், சுழியில் தொடங்கிக் கோட்டில் முடித்தாள். தேயிலைக் கொழுந்து எடுக்கக் கிளம்பிய என் அம்மா வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும்.

குறைகளும் உண்டு. பெற்றோருக்கு வரும் அறிவித்தல் ஆங்கிலத்தில் மட்டும் வருகிறது, பிள்ளைக்கு இரண்டு மொழி சொல்லித் தருகிற இடத்தில் இது சரியில்லை. சிங்களம் கொஞ்சமும் இல்லை. எனக்கு மனசு கேட்காதது கட்டணம்தான். இந்த முறையை உருவாக்கிய மரியா மொண்டிசோரி 1907 இல் ரோமில் முதல் இடத்தைத் திறந்ததே, பெற்றோர் வேலைக்குப் போய்விட, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் இருந்த ஏழைப் பிள்ளைகளுக்காக. அப்படியே நம்ம லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வளரும் பிள்ளைகளின் கதை. ஆனால் இங்கே கட்டணத்தோடு வேன் காசையும் சேர்த்தால் நாள் சம்பளக்காரர்களால் முடியாது, நான் டவுனில் வேலை செய்வதால் சமாளிக்கிறேன். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு அந்த எழுத்துப் பலகைகளில் ஒரு செட்டாவது போக வேண்டும் என்று டீச்சரிடம் சொன்னேன், மட்டையும் கடதாசியும் தந்தால் செய்து தருகிறோம் என்றார். இந்த மாதம் வாங்கிக் கொடுக்கப் போகிறேன்.

சேர்க்க நினைப்பவர்கள் காலையில் போய் அரை மணி நேரம் பின்னால் உட்கார்ந்து பாருங்கள், விடுகிறார்கள். மாற்றுக் காலுறை ஒரு சோடி பையில் வைத்துவிடுங்கள், தரை நல்ல குளிர்.