காளப்பட்டி அடுக்குமாடியா, கவுந்தப்பாடி ஓட்டு வீடா: கிணற்றுப் படிகளை எண்ணி எடுத்த முடிவு

2024 மே மாதக் கடைசியில், நாங்கள் ஒன்பது ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருந்த கோவை காளப்பட்டி சாலைப் பக்கத்து அடுக்குமாடி வீட்டின் உரிமையாளர் தொலைபேசியில் அழைத்து, வீட்டை விற்கப்போவதாகவும், வெளியாளிடம் பேசுவதற்கு முன் எங்களைக் கேட்டுவிடலாம் என்று நினைத்ததாகவும் சொன்னார். 1,050 சதுர அடி, மூன்றாம் மாடி, விலை 60 லட்சம் ரூபாய். அதே மாதத்தில், ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடிக்கு அருகே எங்கள் ஊரில், அம்மா போன பிறகு தனியாக இருந்துவந்த அப்பா, அப்பாரு (தாத்தா) காலத்து ஓட்டு வீட்டின் மேற்குச் சுவர் மழைக்கு ஊறிவிட்டதென்றும், பிரித்துக் கட்டுவதா அப்படியே விட்டுவிடுவதா என்று ஒரு முடிவு சொல்லும்படியும் கேட்டார். கையில் இருந்த சேமிப்போ ஒன்றுக்குத்தான் காணும். நாங்கள் ஓட்டு வீட்டைத் தேர்ந்தெடுத்து ஆகஸ்டில் குடிபோனோம். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆகவே இந்த அலசலில் நடுநிலையை யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

எளிதில் தீர்ந்துவிடும் கணக்குகளை முதலில் முடித்துவிடுகிறேன். 45 லட்சம் கடனை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 39,000 ரூபாய். நாங்கள் கொடுத்துவந்த வாடகை 15,000. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் தனி. பள்ளிக்கூடம், மருத்துவமனை, இரவு பத்து மணிக்குத் திறந்திருக்கும் மருந்துக்கடை ஆகியவற்றில் கோவைதான் மேல், அதில் வாதமே இல்லை. போக்குவரத்து நெரிசலைப் பற்றி முன்பென்றால் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். ஆனால் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரையிலான 10.1 கிலோமீட்டர் அவிநாசி சாலை மேம்பாலம், அதன் தூண்களுக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் புழுதி தின்ற நாங்கள் ஊரைவிட்டுப் போன பிறகு, 2025 அக்டோபரில் திறக்கப்பட்டுவிட்டது. அந்தக் குறையை இனி நான் பேச முடியாது.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன் என்பதால், திருப்பூரிலேயே குடியேறிவிடலாமே என்று உடன் வேலை செய்பவர்கள் கேட்டார்கள். சாயக்கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணை வரை பாழானதையும், 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னதையும் அந்த ஆலைகளின் பேரேடுகள் வழியாகவே பார்த்தவன் நான். அதன்பின் சுத்திகரிப்பு கட்டாயமாகி நிலைமை மாறியது உண்மைதான் என்றாலும், மண்ணுக்குள் இறங்கியது ஒரு தீர்ப்பால் மேலே வந்துவிடாது. மூன்றாவது வாய்ப்பு அத்தோடு முடிந்தது.

இதிலிருந்தே தெரிந்திருக்கும், எங்கள் முடிவைத் தீர்மானித்தது தண்ணீர்தான்.

காளப்பட்டி வீட்டுக்கு நாங்கள் வாடகைக்கு வந்தபோது தரகர் சொன்ன முதல் வாக்கியம், "சிறுவாணித் தண்ணிங்க, பயப்படாம வாங்க" என்பது. கோவையில் எந்த மூலையில் வீடு காட்டினாலும் தரகர்கள் இதைச் சொல்வார்கள். நகரின் கிழக்குப் பகுதிகளில் பெரும்பாலும் வருவது பில்லூர்த் திட்டத் தண்ணீர் என்பது பத்திரம் எழுதும்வரை வெளியே வராது. எந்த அணையின் தண்ணீர் என்றாலும் எனக்கு ஆட்சேபணையில்லை; அது எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்பதுதான் பேச்சு. எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள்; மாநகராட்சித் தண்ணீர் கோடையில் பத்து நாளைக்கு ஒருமுறை தரைத்தொட்டியில் விழும். மீதி நாளெல்லாம் 900 அடி ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீர், அதுவும் போதாமல் லாரித் தண்ணீர். குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்புப் பொருக்கை மாதம் ஒருமுறை பழைய சாவியால் சுரண்டி எடுப்பது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. சுரண்டாவிட்டால் தண்ணீர் மூன்று திசையில் பீய்ச்சும். வெந்நீர்க் கொதிகலனின் கம்பி ஒன்பது ஆண்டில் மூன்று முறை மாற்றப்பட்டது. குடிதண்ணீர் சுத்திகரிப்பான் ஒரு குடத்துக்கு இரண்டு குடத்தைக் கழித்துத் தள்ள, அந்தக் கழிவுநீரை வாளியில் பிடித்து வீடு துடைக்க வைத்திருந்தோம்.

இதைச் சகித்துக்கொண்டுதான் இருந்தோம். சகிக்க முடியாமல் போனது பராமரிப்புத் தொகை. நாங்கள் குடிபுகுந்தபோது மாதம் 1,800 ரூபாயாக இருந்தது, கடைசி ஆண்டில் 3,900 ஆனது. சங்கத்தின் வரவு செலவை ஓராண்டு நானே எழுதியதால் எங்கே ஏறியது என்று தெரியும்: லாரித் தண்ணீரும் மோட்டார் ஓடும் மின்சாரமும். 2022 செப்டம்பரில் மின்கட்டணம் மாற்றப்பட்டபோது அடுக்குமாடிகளின் பொதுப் பயன்பாட்டு இணைப்புக்குத் தனி விகிதம் வந்தது. 2023 அக்டோபரில் பத்து வீட்டுக்கு மேற்படாத, மூன்று மாடிக்கு உட்பட்ட, மின்தூக்கி இல்லாத குடியிருப்புகளுக்கு மட்டும் அலகுக்கு 8 ரூபாயிலிருந்து 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். எங்களிடம் மின்தூக்கி இருந்தது, வீடுகளும் 24. ஆழ்குழாயிலிருந்து தரைத்தொட்டிக்கு ஒருமுறை, அங்கிருந்து மொட்டைமாடிக்கு இன்னொரு முறை என்று அதே தண்ணீரை இரண்டு தடவை ஏற்றும் செலவு முழு விகிதத்தில் எங்கள் தலையில் விழுந்தது. 39,000 ரூபாய்த் தவணை இருபதாம் ஆண்டில் முடிந்துவிடும். இந்தத் தொகைக்கு முடிவும் இல்லை, ஏறுவதற்கு வரம்பும் இல்லை. வாடகைக்காரன் என்றால் வேறு வீடு பார்த்துக்கொண்டு போகலாம், வாங்கிவிட்டால் அதுவும் முடியாது.

ஊர் வீட்டின் கணக்கு வேறு மாதிரியானது. எங்கள் ஊர் கீழ்பவானி வாய்க்காலின் ஆயக்கட்டில், அதாவது அதன் பாசனப் பரப்பில், இருக்கிறது. 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையிலிருந்து கிளம்பும் அந்த வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. ஆகஸ்ட் நடுவில் ஒரு பாதி ஆயக்கட்டுக்கு நெல்லுக்காகவும், ஜனவரியில் மறு பாதிக்குக் கடலை, எள் போன்ற புன்செய்ப் பயிர்களுக்காகவும் தண்ணீர் விடுவது வழக்கம். எங்கள் வீட்டுக்கு வாய்க்காலிலிருந்து ஒரு சொட்டும் நேராக வருவதில்லை. வெட்டிய காலத்திலிருந்து மண் கரையாகவே இருந்துவந்த வாய்க்கால் என்பதால், ஓடும் தண்ணீரில் ஒரு பங்கு கரைவழியே கசிந்து நிலத்துக்குள் போய்க் கிணறுகளில் ஊறுகிறது. நாங்கள் குடிப்பதும் குளிப்பதும் அந்தக் கசிவுநீரைத்தான்.

தோட்டத்துக் கிணற்றில் கருங்கல் படிகள் உண்டு. அப்பா காலையில் மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு, கிணற்று மேட்டில் நின்று, தண்ணீருக்கு மேலே தெரியும் படிகளை எண்ணுவார். ஆகஸ்டில் நாங்கள் சாமான் இறக்கிய அன்று, "இன்னிக்குப் பத்தொம்பது படி தெரியுது கண்ணு, வாய்க்கா தொறந்துட்டாங்க, பாரு" என்றார். செப்டம்பர் கடைசியில் ஏழு படிதான் தெரிந்தது. வீட்டுக்கொல்லையில் உள்ள சேந்து கிணறு நாற்பதடிதான்; அதில் அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்று போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறோம். காளப்பட்டியில் ஐந்து விசில் விட்டும் நறுக்கென்று நின்ற துவரம் பருப்பு இங்கே இரண்டு விசிலில் கரைந்தது. என் மனைவிக்கு இந்த இடமாற்றத்தில் முழுச் சம்மதம் வந்தது அன்றைக்குத்தான் என்பது என் கணிப்பு. அவர் இதை ஒப்புக்கொள்வதில்லை.

இந்தத் தண்ணீரும் நிரந்தரமன்று என்பதை மறைக்கக் கூடாது. வாய்க்காலைக் கான்கிரீட் தளம் போட்டுச் சீரமைக்கச் சுமார் 710 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு 2020-இல் அரசாணை வந்தது. 2023-இல் அதை எதிர்த்துப் பெரிய போராட்டங்கள் நடந்தன. கரையைக் கான்கிரீட்டால் மூடினால் கசிவு நின்று கிணறுகள் வற்றும் என்பது எதிர்ப்பவர்களின் வாதம். கசிவால்தான் தங்கள் மதகுக்குத் தண்ணீர் வந்து சேர்வதில்லை என்பது கடைமடைக்காரர்களின் வாதம். முதல் வாதத்தால் என் வீட்டுத் தொட்டி நிறைகிறது என்பதால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை; ஆனால் கடைமடையில் எனக்கு ஒரு மாமன் மகன் இருக்கிறான், அவன் சொல்வதையும் பொய் என்று தள்ள முடியவில்லை. இரண்டாவது, நான் வந்தபின் பார்த்த இரண்டு ஆண்டும் அணையில் போதிய தண்ணீர் இருந்த நல்ல ஆண்டுகள். 2016, 2017 வறட்சியில் எங்கள் கிணற்றின் அடிப்பாறை தெரிந்ததாகவும், மாட்டுக்கே விலைக்குத் தண்ணீர் வாங்கியதாகவும் அப்பா சொல்கிறார். அப்படியொரு கோடையை இந்த வீட்டில் கழித்த பின்புதான் என் தீர்ப்புக்கு முழு மதிப்பு. வாய்க்கால் பாசன ஊர் என்பதற்காக எல்லா ஊரையும் நம்பிவிடவும் முடியாது. பெருந்துறை சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் நிலத்தடி நீர் கெட்டதைப் பற்றி ஆண்டுக்கணக்காகப் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பழைய வீட்டை நம்பித் திரும்புகிறவர்கள் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு கொத்தனாரைக் கூப்பிடுவது நல்லது.

கொத்தனார் என்றதும் நினைவுக்கு வருகிறது: 14 லட்சம் என்று தொடங்கிய வேலை 17 லட்சத்தைத் தாண்டியது. கரையான் அரித்த விட்டம் ஒன்று ஓட்டைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. மயில் கூரையில் இறங்கினால் இரண்டு ஓடாவது உடையும். மோட்டாரின் கம்பிச்சுருள் ஒருமுறை எரிந்து 2,400 ரூபாய் ஆயிற்று. ஓட்டு வீட்டுக்குப் பராமரிப்பே இல்லை என்று சொல்பவர் அதில் குடியிருந்ததில்லை. ஆனால் எல்லாவற்றையும் எழுதிவைத்துப் பார்த்ததில் முதல் ஓராண்டின் செலவு மாதத்துக்குச் சராசரியாக 1,300 ரூபாய்க்குள் நின்றது. அதில் தண்ணீருக்காகச் செலவானது அந்தக் கம்பிச்சுருள் மட்டும்தான்.

தோட்டத்திலேயே புதிதாகச் சாளை (தோட்டத்து வீடு) கட்டிக்கொண்டு போய்விடலாம் என்றொரு ஆசை தொடக்கத்தில் இருந்தது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் மூவர் கொல்லப்பட்டதும், அடுத்த ஆண்டு சிவகிரிப் பக்கம் தனியாக வசித்த முதிய தம்பதி கொல்லப்பட்டதும் அந்த ஆசையை ஒத்திவைக்கச் செய்தன. ஊருக்குள், வளவில், அடுத்த வீட்டுச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருப்பதே இப்போதைக்குச் சரி என்று அப்பாவும் சொல்லிவிட்டார்.

இழந்தவை இரண்டு. முதலாவது நேரம்: திருப்பூருக்கு இரண்டு பேருந்து மாறி ஒரு வழிக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகிறது, காளப்பட்டியிலிருந்து அலுவலக வண்டியில் ஒரு மணி நேரம்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபின் எங்கள் நிறுவனத்தில் மிகைநேரப் படி நின்றது, கணக்குப் பிரிவில் இருவருக்கு வேலை போயிற்று. அந்த மாதத்தில் 39,000 ரூபாய்த் தவணை தலைக்கு மேல் இல்லாதது பெரிய நிம்மதி என்றாலும், அதை முன்கூட்டியே கணித்துத்தான் ஊருக்கு வந்தேன் என்று சொன்னால் அது பொய்.

இரண்டாவது, விற்று வெளியேறும் வசதி. காளப்பட்டி வீடு உரிமையாளர் கேட்ட விலைக்கே இரண்டு மாதத்தில் விற்றுப்போயிற்று. அவசரத்துக்குப் பணமாக்க வேண்டும் என்பவர்கள் அடுக்குமாடியையே யோசிக்கலாம். எங்கள் ஊரில் நத்தம் மனையில் (ஊர்க் குடியிருப்பு நிலத்தில்) நிற்கும் வீட்டை வாங்க வெளியூர்க்காரர் எவரும் வரப்போவதில்லை, உள்ளூர்க்காரர் கேட்கும் விலைக்கு நான் கொடுக்கப்போவதுமில்லை. போதாததற்கு, பட்டா இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது, கரூரில் இருக்கும் அக்காவுக்கும் எனக்குச் சமமான உரிமை உண்டு. 17 லட்சத்தையும் என் கையிலிருந்து போட்டபோது அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை. அக்கா, "அதெல்லாம் என்னத்துக்கு" என்றுதான் சொன்னார். ஆனால் மாமாவும் பிள்ளைகளும் நாளைக்கு என்ன நினைப்பார்கள் என்பதை அவரும் அறியார். பொங்கலுக்கு அவர்கள் வரும்போது அப்பாவையும் வைத்துக்கொண்டு பேசி, வீட்டுக்கு ஒரு பத்திரம் எழுதிவிடுவதாக இருக்கிறோம்.