மிஞ்சிய ஃப்ராஸ்டிங்கில் எது உருப்படும்?

கேக்குக்கு கிரீம் அடித்தால் கடைசியில் ஒரு கிண்ணமாவது மிஞ்சும். பத்தாமல் போய்விடுமோ என்று கூடவே அடித்துவிடுகிறோம், அப்புறம் கொட்ட மனசு வராது. விப்பிங் கிரீம், பட்டர்கிரீம், கனாஷ் (சாக்லேட்டைச் சூடான கிரீமில் கரைத்த கலவை) மூன்றையும் மிச்சத்தை வைத்து மட்டும் எடைபோட்டுப் பார்க்கிறேன். ருசிச் சண்டை வேறொரு நாளைக்கு.

விலையும் வேலையும் குறைவு என்பதால் பலர் கை போவது உறைந்த பாக்கெட்டில் வரும் தாவரக் கொழுப்பு விப்பிங் கிரீமுக்குத்தான். ஆனால் மிச்சத்தில் கடைசி இடம் அதற்கே. ஃபிரிட்ஜில் மூடி வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். மறுநாள் கரண்டியால் வாரினாலே ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி ஓட்டை ஓட்டையாக வரும். பீட்டரைத் திரும்பப் போட்டால் இன்னும் திரிதிரியாகிவிடும். அடிக்காத கிரீம் இரண்டு ஸ்பூன் ஊற்றிக் கையால் மெதுவாகக் கிளறினால் ஓரளவு வழவழப்பு திரும்பும். அதையும் லேயருக்கு நடுவில் தடவலாம், மேல்பூச்சுக்கு வேண்டாம். பால் கிரீம் என்றால் இன்னும் மோசம்: மறுநாளே தண்ணீர் விடும், கொஞ்சம் கூட அடித்தால் வெண்ணெயாகத் திரண்டுவிடும். பழமொழியில் வெண்ணெய் திரள்வது நல்ல சேதி, இங்கே அதுதான் நஷ்டம்.

பட்டர்கிரீம் வெண்ணெயும் சர்க்கரையும் என்பதால் நன்றாகத் தாங்கும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம், மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் மூன்று மாதம். வெளியிலேயே இரண்டு நாள் வைக்கலாம் என்று வெளிநாட்டுக் குறிப்புகளில் இருக்கும். சென்னை மே மாதத்தில் அதை நம்பாதீர்கள், 35 டிகிரியில் வெண்ணெய் உருகி ஓடும். இன்னொரு தொல்லை வாசனை. ஒருமுறை சரியாக மூடாத டப்பாவை நெத்திலிக் குழம்புக்குப் பக்கத்தில் வைத்தேன், வெனிலாவை மீறி மீன் மணந்தது. அதிலிருந்து ஜிப் கவரில் தட்டையாகப் பரப்பி, காற்றை வெளியேற்றி, தேதி எழுதி, அதையும் ஒரு டப்பாவுக்குள் வைக்கிறேன். உறைந்ததை ராத்திரி ஃபிரிட்ஜுக்கு மாற்றி, காலையில் வெளியே வைத்து இளகிய பிறகுதான் அடிக்க வேண்டும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுவிஸ் வகை, அடிக்கும்போது திரிந்த பால்போலப் பிரியும். பயப்பட வேண்டாம். ஒரு கரண்டி எடுத்து லேசாகச் சூடாக்கி, திரும்ப ஊற்றி அடித்தால் சேர்ந்துகொள்ளும். ரோஸ், பச்சை, நீலம் என்று துளித்துளியாக மிஞ்சினால் ஒன்றாகக் கலக்கிப் பாருங்கள், அழுக்குப் பழுப்பு வரும். கோகோ பவுடர் போட்டுவிட்டால் சாக்லேட் ஃப்ராஸ்டிங், யாருக்கும் தெரியாது.

கனாஷ்தான் என் ஓட்டு. சாக்லேட்டின் விலை கையைக் கடிக்கும், சரி, ஆனால் ஒரு ஸ்பூன்கூட வீணாகாது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். கொதிநீருக்கு மேல் கிண்ணத்தை வைத்து இளக்கினால் பழையபடி ஊற்றலாம். எண்ணெய் பிரிந்தால் வெதுவெதுப்பான பால் ஒரு ஸ்பூன் விட்டுக் கிளறினால் போதும். கெட்டியாகவே உருட்டி கோகோவில் புரட்டினால் டிரஃபிள், சூடான பாலில் கரைத்தால் ஹாட் சாக்லேட்.

எதுவானாலும் கேக்கில் பூப்போடும் பைப்பிங் பையோடு வைக்காதீர்கள். நாசில் முனை காய்ந்து அடைத்துக்கொள்ளும். மெழுகுவத்தி ஊதிய கேக்கிலிருந்து வழித்த கிரீமை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது நேராகக் குப்பைக்கு.